மஞ்சளாகிப்போன பாப்பாவும் என் ஐந்நூறு பிரீசெட்டுகளும்

அக்காவுக்குக் குழந்தை பிறந்த நான்காம் நாள் இரவு, நான் எடுத்த படங்களில் நாற்பதைப் பொறுக்கி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதயங்களும் கைதட்டல்களுமாக வந்து குவிந்தன. நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் அக்காவிடமிருந்து ஆறு மிஸ்டு கால். என்னவோ ஏதோ என்று பதறிக் கூப்பிட்டேன். “டேய், பெரியம்மா போன் பண்ணி பாப்பாவுக்கு மஞ்சள் காமாலையா, ஏன் யார்கிட்டயும் சொல்லலன்னு கேக்குறாங்கடா. எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு” என்றாள். குரலில் அழுகை. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் லேசாக மஞ்சள் தட்டும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், தினமும் பார்த்துக்கொண்டுமிருந்தார்கள். அந்தப் பயத்திலேயே இருந்தவளிடம் போய் இப்படிக் கேட்டால் என்ன ஆவாள்? நர்ஸை வரச்சொல்லி, நெற்றியில் வைத்துப் பார்க்கும் கருவியால் மறுபடி அளந்து, பயமில்லை என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. மஞ்சள் குழந்தையிடம் இல்லை, என் படத்தில் இருக்கிறது.

அப்போது நான் கேமரா வாங்கி ஏழு மாதம். படமெடுக்கக் கற்றுக்கொண்ட எல்லோருக்கும் நேர்ந்ததுதான் எனக்கும் நேர்ந்திருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒருநாள், கேமராவே சரிசெய்து சுருக்கித் தரும் ஜேபெக்கை விட்டுவிட்டு, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ கோப்பாக எடுத்துப் பார்த்தேன். கேமராவின் பின்திரையில் பளிச்சென்று தெரிந்த படம், கணினியில் ஏற்றியதும் சாம்பல் பூசியதுபோல் செத்துக் கிடந்தது. ‘ரா’ என்றால் இப்படித்தான் போல, நமக்கு இது வேண்டாம் என்று மறுநாளே ஜேபெக்குக்குத் திரும்பிவிட்டேன். கேமராவின் பின்திரை காட்டுவது ‘ரா’ கோப்புக்குள் கேமராவே செய்து வைத்திருக்கும் ஒரு சின்ன ஜேபெக் படம், அதில் கேமரா தன் விருப்பத்துக்கு நிறத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் பார்த்துச் சலித்தது இன்னும் சமைக்காத அரிசியை. அதைத் தெரிந்துகொண்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அந்தச் சலிப்பு நேரே கொண்டுபோய் விட்ட இடம்தான் பிரீசெட், அதாவது நிறத்தையும் வெளிச்சத்தையும் எப்படி மாற்றுவது என்று யாரோ முன்கூட்டியே சேமித்து வைத்த அமைப்பு. ஒரே கிளிக்கில் படம் சினிமா மாதிரி ஆகிவிடும் என்றார்கள். விளம்பரத்தில் நடுவில் ஒரு கோடு, இடதுபக்கம் முன், வலதுபக்கம் பின். பார்க்கப் பார்க்கக் கை நமநமத்தது. முதலில் இருபது பிரீசெட் உள்ள ஒரு தொகுப்பு வாங்கினேன். அப்புறம் திருமணத்துக்கென்று ஒன்று, பயணத்துக்கென்று ஒன்று, கடைசியில் ஐந்நூறு பிரீசெட் அடங்கிய பெரிய மூட்டை ஒன்று. நான்குக்கும் கொடுத்ததைப் பிறகு ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ் ஒன்றைத் தாராளமாக வாங்கியிருக்கலாம். கேமராவோடு வந்த 18-55 லென்ஸை வைத்துக்கொண்டு இருட்டறையில் திணறிய எனக்கு, அந்த லென்ஸ் கொடுத்திருக்கக்கூடிய வெளிச்சத்தை எந்த பிரீசெட்டும் கொடுக்கவில்லை. ஐந்நூறில் நான் உண்மையில் பயன்படுத்தியது ஏழோ எட்டோ. மீதியை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே கழிந்த இரவுகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மருத்துவமனை அறைக்கு வருவோம். கட்டிலின் இடப்பக்கம் ஜன்னல், அதில் இளம்பச்சைத் திரை. வலப்பக்கம் சுவரில் மஞ்சள் பல்பு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5,500 கெல்வின், அந்த மாதிரி பல்பு 2,700 கெல்வின் பக்கம் இருக்கும். எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். ஆக, குழந்தையின் ஒரு கன்னத்தில் திரை வழியாக வடிகட்டி வந்த பச்சை கலந்த பகல் வெளிச்சம், இன்னொரு கன்னத்தில் பல்பின் மஞ்சள். கண்ணுக்கு இது தெரியாது, மூளை சமன்செய்து காட்டிவிடும். கேமரா பாவம், வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை இரண்டுக்கும் நடுவில் குத்துமதிப்பாகப் பிடிக்கும். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பல்பை அணைத்துவிட்டு, திரையை ஒதுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுத்திருக்க வேண்டும். ஸ்விட்ச் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. படங்களின் ஓரத்தில் அது இப்போதும் தெரிகிறது.

மூன்று நாளில் 214 படங்கள். வீட்டுக்கு வந்து ‘இளங்காலை’ மாதிரி ஏதோ பெயர் வைத்த ஒரு பிரீசெட்டை முதல் படத்தில் போட்டேன். அழகாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அதையே மொத்தமாகப் போட்டு, ஏற்றுமதி கொடுத்தேன், அதாவது மாற்றிய படங்களைக் கோப்புகளாகச் சேமிக்கச் சொன்னேன். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதவா என்று கேட்டது. தூக்கக் கலக்கத்தில் ‘எல்லாவற்றுக்கும் ஆம்’ என்று அழுத்தினேன். 25 நிமிடத்தில் வேலை முடிந்த பெருமிதத்தில், அடுத்த நாளுக்கு இடம் வேண்டுமே என்று மெமரி கார்டையும் ஃபார்மட் செய்துவிட்டேன். அத்தோடு நிற்கவில்லை. மொட்டைமாடிக்குப் போய் நிலாவை முப்பது படம் வேறு எடுத்தேன், அதே கார்டில்.

அக்காவின் போனுக்குப் பிறகு, சரி, மூலப்படத்தை எடுத்து மறுபடி செய்துவிடலாம் என்று ஃபோல்டரைத் திறந்தேன். எல்லாம் மஞ்சள். கார்டில் நிலா. அப்போது எனக்கு ஏற்பட்டதைப் பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, கையும் காலும் ஜில்லிட்டுப்போனது. பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க நிறத்தைவிட மோசமான ஒன்று கண்ணில் பட்டது. பாப்பாவின் தோளிலும் முதுகிலும் பூனைமுடி இருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் தெரியும், ஊதினால் அசையும், அவ்வளவு மெல்லியது. நான் அதற்காகவே குனிந்து குனிந்து எடுத்த படங்கள் பல. தோலை மெழுகுபோல் வழவழப்பாக்குவதும் அந்த பிரீசெட்டின் வேலை என்பதால், ஒரு முடி மிச்சமில்லை. சில வாரங்களில் உதிர்ந்துவிடும் முடி அது. மறுபடி எடுக்கலாம் என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ‘சரி பண்ணித் தர்றேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, பத்து நாள் அவள் அழைப்பை முடிந்தவரை தவிர்த்தேன்.

இந்த நிலைமைக்கு வந்துவிட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்தக் கார்டைக் கேமராவிலிருந்து கழற்றி வைப்பது. ஃபார்மட் செய்தாலும் படங்கள் பெரும்பாலும் உடனே அழிந்துவிடுவதில்லை. அவை இருக்கும் இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். புதுப் படம் வந்து அந்த இடத்தில் உட்காரும் வரை பழையது அங்கேயே கிடக்கும். போட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பார்க்கக் கறுப்புத் திரையும் எழுத்துகளுமாக மிரட்டும், ஆனால் வேலை செய்யும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கணினியில் சேமிக்க வேண்டும். எனக்கு 61 படங்கள் கிடைத்தன. கோப்புப் பெயரெல்லாம் போய் நீளமான எண்களாக வந்தன. அதிலும் 19 படங்கள் மேல்பாதி சரியாக இருந்து, கீழே சாம்பல் பட்டையாக முடிந்தன. நிலா உட்கார்ந்த இடமாக இருக்கலாம். முழுதாகத் தேறியது 42. முதல் நாள் மாமா கேட்டார் என்று எடுத்தபடியே அனுப்பிய ஐந்து படங்கள் அவர் போனில் இருந்தன. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதால் சுருங்கிப்போயிருந்தன. ‘டாக்குமென்ட்’டாக அனுப்பியிருந்தால் அப்படியே இருந்திருக்கும். இதைக்கூட யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கோபத்தில் ஒருநாள் அந்த பிரீசெட் கோப்பையே நோட்பேடில் திறந்தேன். எக்ஸ்எம்பி என்று முடியும் பிரீசெட்டுகள் வெறும் எழுத்துக் கோப்புதான், திறந்து படிக்கலாம். உள்ளே மந்திரம் எதுவும் இல்லை, வரிசையாக எண்கள். ஆரஞ்சின் சாயலை மஞ்சள் பக்கம் தள்ளு, அதன் ஒளியைக் கூட்டு. பச்சையின் அடர்த்தியைப் பெரும்பாலும் உறிஞ்சு. வெப்பத்தைக் கூட்டு. இருட்டிலிருந்து வெளிச்சம் வரை படத்தின் ஒளியை மாற்றும் வளைகோட்டின் கீழ்நுனியைத் தூக்கு. நுணுக்கத்தைக் குறை. மனிதத் தோலின் நிறம், வெளுப்போ கறுப்போ, பெரும்பாலும் இந்த ஆரஞ்சுப் பகுதிக்குள்தான் வருகிறது. பிறந்த குழந்தை சிவந்திருக்கும். அந்தச் சிவப்பை ஏற்கெனவே பல்பு பாதி மஞ்சளாக்கியிருந்தது. மிச்சத்தை இந்த எண்கள் பார்த்துக்கொண்டன. வளைகோட்டின் நுனியைத் தூக்கினால் படத்தில் முழுக் கறுப்பு என்பதே இல்லாமல்போகும், அதைத்தான் ‘மேட் லுக்’ என்று விற்கிறார்கள். பாப்பாவின் கருகருவென்ற தலைமுடி புகை படிந்தது மாதிரி ஆனது அதனால்தான். விளம்பரத்தில் இருந்த மாதிரிப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடற்கரை, மாலை வெயில், முதுகுக்குப் பின்னால் சூரியன், வெளுத்த தோல். அந்த வெளிச்சத்துக்கு அந்த எண்கள் சரிதான். அதை உருவாக்கியவர் தன் படத்துக்கு நியாயமாகத்தான் செய்திருக்கிறார், மருத்துவமனை அறைக்குக் கொண்டுபோனது நான்.

அக்கா நல்ல கறுப்பு. குழந்தைக்கு மஞ்சள் கொடுத்த அதே பிரீசெட் அவளுக்குச் சாம்பல் கொடுத்திருந்தது. கன்னத்தில் இருந்த மினுமினுப்பு போய்ச் சுண்ணாம்பு பூசிய மாதிரி. இது புதுக்கதை அல்ல. பிலிம் காலத்தில் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய ஷெர்லி அட்டைகளில் பல பத்தாண்டுகளாக இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை வந்தது 1990களில்தான். பிரீசெட் வாங்குகிறவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது: விற்பவரின் மாதிரிப் படங்களில் உங்கள் வீட்டு ஆட்களின் நிறத்தில் ஒரு முகமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அறைக்குள், ராத்திரியில், சாதாரண விளக்கில் எடுத்த படம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ‘முன்’ படத்தையும் உற்றுப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அதுவே நல்ல வெளிச்சத்தில் சரியாக எடுத்த படமாக இருக்கும். அதற்குப் பிரீசெட் போடாவிட்டாலும் அழகுதான்.

சரி, இனி கையாலேயே செய்வோம் என்று மீண்ட 42 படங்களோடு உட்கார்ந்தேன். இரண்டு இரவு. ஒவ்வொரு ஸ்லைடராக நகர்த்தி, மஞ்சளை எடுத்து, திருப்தியாகி, இம்முறை உஷாராக மாமாவுக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதிலில்லை. அப்புறம், “மாப்ள, இப்போ பாப்பா நீலமா இருக்காளே” என்று வந்தது. காமாலை போய் மூச்சுத்திணறல் வந்துவிட்டது என் கைவண்ணத்தில். என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கவே ஒருநாள் ஆனது. ராத்திரியில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று கணினித் திரையை மஞ்சளாக்கும் இரவு வசதி தானாக ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு மஞ்சளைத் துடைத்திருக்கிறேன், தேவைக்கு மேல் துடைத்திருக்கிறேன். அதிலிருந்து படவேலை என்றால் அந்த வசதியை அணைத்துவிடுகிறேன். திரையின் வெளிச்சத்தைத் தானாக மாறவிடாமல் நடுவில் நிறுத்துகிறேன், கூடுமானவரை பகலில்தான் செய்கிறேன். இன்னொன்று, கண்ணை நம்பக் கூடாது. இருபது நிமிடம் ஒரே நிறத்தைப் பார்த்தால் கண் அதற்குப் பழகி அதுதான் சரி என்று சாதிக்கும். எழுந்துபோய் ஐந்து நிமிடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், முந்தி செய்தது பல்லை இளிக்கும்.

மூன்றாவது முறை ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன். பாப்பா அக்காவின் தோளில் கவிழ்ந்து தூங்கும் படம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து முதுகில் பூனைமுடி தெரிகிறது. முதலில் ஒயிட் பேலன்ஸ். வெள்ளையாக எது இருக்கிறதோ அதைத் தொடு என்று படித்திருந்ததால், படத்தில் ஓர் இடத்தின் நிறத்தைத் தொட்டுக் காட்டும் சொட்டுக்குழாய்க் கருவியால் துண்டைத் தொட்டேன். படம் இன்னும் கொஞ்சம் மஞ்சளானது. சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டும் பொருள் இருக்கும். அது மெல்லிய நீலத்தை உமிழும், அதை மென்பொருள் சரிக்கட்டப் பார்த்து எதிர்ப்பக்கம் போய்விடும். தொட்டிலின் சாம்பல் நிற பிளாஸ்டிக் விளிம்பைத் தொட்டேன், சட்டென்று உட்கார்ந்தது. திரையிலிருந்து வந்த பச்சையை எடுக்க ‘டின்ட்’ ஸ்லைடரைப் பச்சைக்கு எதிரான மெஜென்டா (கருஞ்சிவப்பு) பக்கம் ஒரு நூலளவு நகர்த்தினேன். பிறகு வெளிச்சம், அரை ஸ்டாப்புக்கும் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). வெளிச்சமான பகுதிகளைக் கட்டுப்படுத்தும் ஹைலைட்டைக் கொஞ்சம் இறக்கியதும் காது மடலின் விளிம்பு திரும்பி வந்தது. கறுப்பை, படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் இடது ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தியதும், முடி கருகருவென்று ஆனது. அடர்த்தியை நான் தொடவே இல்லை. பல்பு அடித்த வலப்பக்கத்தை மட்டும் பிரஷ்ஷால் தனியாகத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் வெப்பத்தைக் குறைத்தேன். முழுப் படத்துக்கும் ஒரே ஸ்லைடர் போட்டால் ஒரு கன்னம் சரியாகும்போது மறு கன்னம் கெடும். இந்த ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம். அடுத்ததற்கு இருபது. இப்போது ஒரு படத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் போதும்.

ஒரு எல்லைக்கு மேல் போகவும் முடியவில்லை. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ‘ரா’ கோப்பில் 16,384. ஜன்னலோரம் வெளுத்துப்போன இடத்தில் ஜேபெக்கில் வெறும் வெள்ளை மட்டும்தான் இருந்தது, எவ்வளவு இறக்கினாலும் அது சாம்பலாகுமே தவிர திரைத்துணியின் மடிப்பு வராது. ‘ரா’வில் எடுத்திருந்தால் அதில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், ஒயிட் பேலன்ஸையும் எடுத்த பிறகு கேட்ட எண்ணில் வைத்துக்கொள்ளலாம். இப்போது நான் இரண்டையும் சேர்த்தே எடுக்கிறேன். கார்டு சீக்கிரம் நிறைகிறது, நிறையட்டும். மூலப்படங்களுக்குத் தனி ஃபோல்டர், வேலை செய்தவற்றுக்குத் தனி ஃபோல்டர், வேறு பெயர். இரண்டு இடத்தில் பிரதி எடுத்துத் திறந்து பார்க்கும் வரை கார்டை ஃபார்மட் செய்வதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்போ பிரீசெட்டே கூடாதா, எடுத்த படத்தைத் தொடவே கூடாதா என்று கேட்கலாம். தொடாத படம் என்று ஒன்று கிடையாது. கேமரா தரும் ஜேபெக்கே யாரோ ஒரு பொறியாளர் முடிவுசெய்த எண்களால் தொட்ட படம்தான். ‘நோ ஃபில்டர்’ என்று பெருமையாகப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இயல்பான எடிட்டிங் என்று நான் சொல்வது, அந்த அறையில் இருந்த ஒருவர் படத்தைப் பார்த்து ‘ஆமாம், இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லும் அளவுக்குச் செய்வது. பிரீசெட்டையும் நான் விட்டுவிடவில்லை. ஒரே வெளிச்சத்தில் எடுத்த ஐம்பது படம் இருந்தால், ஒன்றைக் கையால் சரிசெய்து அதையே என் பிரீசெட்டாகச் சேமித்து மீதிக்குப் போடுகிறேன். கறுப்பு வெள்ளைக்கு வாங்கியவற்றில் இரண்டு அருமையானவை, அவற்றை இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் எதுவானாலும் ஒயிட் பேலன்ஸும் வெளிச்சமும் சரிசெய்த பிறகுதான். பிரீசெட்டின் அளவைக் குறைக்க ஸ்லைடர் இருந்தால் பாதிக்குக் கீழே இறக்கி, முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். மொத்தமாகப் போடுவதற்கு முன் வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த மூன்று படங்களிலாவது போட்டுப் பார்ப்பது நல்லது. புதிதாகக் கற்பவர்கள் பிரீசெட்டைப் போட்டுவிட்டு எந்த ஸ்லைடர் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். எனக்கு ‘சாயல்’ என்றால் என்ன, ‘அடர்த்தி’ என்றால் என்ன என்று புரிந்தது அந்த ஐந்நூறு மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான். கொடுத்த காசுக்கு அந்த மட்டிலாவது பிரயோஜனம்.

அந்தத் தோள் படத்தை அச்சுப்போட்டு எடுத்துக்கொண்டு போனபோது பாப்பாவுக்கு நான்கு மாதம். அக்கா படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். மடியில் இருந்தவளின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள், வழுவழுவென்று இருந்தது. “இந்த முடியெல்லாம் எப்ப உதிர்ந்துச்சுன்னே தெரியலடா” என்றாள். அப்போதுதான் மீதி 172 படங்களின் கதையைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு தன் போனை எடுத்து, என்னை அவளுக்கு ஒரு கால் செய்யச் சொன்னாள். செய்தேன். என் பெயருக்கு மேலே, திரை நிறைய, அந்த மஞ்சள் பாப்பா.